வருகிற ஆளிடம் கொடுத்துவிடவும்

தாம்பரத்தில் காலையில் காய் வாங்கப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வண்டிக்காரியிடம் அன்றைக்கு முதலில் விலை கேட்டது நீங்கள் என்றால், வாங்காமல் நகர முடியாது. எனக்கு இது தெரியாது. யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையிலிருந்து வந்து சேலையூரில் ஒரு மாடி வீட்டில் குடியேறிய முதல் வாரம் அது. ஊர்ச் சந்தையில் ஐந்து பேரிடம் விசாரித்து ஆறாவது ஆளிடம் வாங்கிப் பழகியவள் நான். கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்டுவிட்டு என்பாட்டுக்கு நடந்தேன்.

“இன்னாம்மா, இன்னும் போணிகூட ஆவல. வெல கேட்டுக்கினு நீ பாட்டுக்குப் போறியே? கால் கிலோனாச்சும் வாங்கிக்கினு போ!”

காய்வண்டித் தனம் அக்காவின் குரலுக்குத் தெருவே திரும்பிப் பார்த்தது. மரியாதையாகக் கால் கிலோ வாங்கினேன். அவர் நோட்டைக் கண்ணில் ஒற்றி, காய்களின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு இடுப்பில் செருகிக்கொண்டார். போணி என்றால் அன்றைய முதல் வியாபாரம். முதல் கை நல்ல கையாக இருந்தால் பொழுது சாயுமுன் வண்டி காலியாகிவிடுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வருடம் கழித்து நானே ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து போணிக்காக ஏங்கப்போகிறேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் இன்னும் பலமாகச் சிரித்திருப்பேன்.

தாம்பரம் எங்களுக்கு ஆறு மாதத்துக்கான ஊர். டொரொண்டோவில் இருக்கிற அண்ணா அப்படித்தான் சொன்னார்: ஆறு மாதம் பொறு, பேப்பர் வந்துவிடும், கனடாவுக்கு வந்துவிடலாம். அதை நம்பி நானும் கணவர் சிவமும் கட்டில்கூட வாங்கவில்லை. ஆறு மாதம் முடிந்து இன்னொரு ஆறு மாதம் வந்தது, அதுவும் போனது. மாதா மாதம் அண்ணாதான் செலவுக்கு அனுப்பினார். ஒரு நாளும் முகம் சுளித்தவர் இல்லை. எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் “கிடைச்சுது அண்ணா” என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. காத்திருப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாதவளாக நான் ஆகிக்கொண்டிருந்தேன். என் கையால் ஏதாவது செய்து அதில் ஒரு நேரமாவது சாப்பிடவேண்டும் என்று வெறியே பிடித்துவிட்டது.

கைக்குத் தெரிந்தது ஒன்றுதான், எங்கள் ஊர்க் கறித்தூள். செத்தல் என்று நாங்கள் சொல்லும் காய்ந்த மிளகாயையும் மல்லியையும் மிளகு சீரகத்தையும் கறுப்புக்கு ஒரு படி முன்னால் வரை வறுத்து இடிக்கிற தூள். அது இல்லாமல் எங்கள் ஆட்களுக்குச் சோறு இறங்காது. ஆனால் சேலையூரில் மிளகாய் வறுப்பது சாதாரண விஷயம் இல்லை. முதல் தடவை வறுத்தபோது கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரர் மூக்கில் துண்டோடு மேலே ஓடிவந்து, “என்னங்க, ஏதாவது எரியுதா?” என்று கேட்டார். அதன் பிறகு வறுக்கிற நாளை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அவர் குடும்பத்தோடு குன்றத்தூர் முருகனைப் பார்க்கப் போய்விடுவார். எங்கள் மிளகாயால் அந்தக் குடும்பத்துக்கு நிறையப் புண்ணியம் சேர்ந்தது.

இந்தத் தூளை உலகமெங்கும் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு விற்கலாம் என்று யோசனை சொன்னது சலீம். தாம்பரம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர். தெருவில் எல்லாருக்கும் அவர் பாய், எனக்குத் தம்பி. அண்ணாவின் மின்னஞ்சல் பார்க்கப் போய் அறிமுகம்.

“ஒரு வெப்சைட் போட்டா போதும்க்கா. கனடாக்காரன், லண்டன்காரன் எல்லாம் வூட்ல உக்காந்துகினே கிளிக் பண்ணுவான்” என்றார்.

சிவத்துக்கு நம்பிக்கை இல்லை. ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர் அவர், எதற்கும் ஒரு எல்லை போட்டால்தான் நிம்மதி. “இஞ்சரும், தைப்பொங்கல் வரைக்கும் பாரும். அதுக்குள்ளை ஒரு ஓடராவது வராட்டி இந்த வறுவலை விட்டிட்டுப் பேசாமல் பேப்பர் வாறதைப் பார்த்துக்கொண்டு இருப்பம்” என்றார். அப்போது ஆவணி மாதம். சரி என்றேன்.

சலீம் தளத்தைக் கட்டத் தொடங்கினார். முதலில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அது சரியானதும், தலைப்பு வலமிருந்து இடமாக ஓடியது. ‘புதியது’ என்று ஒரு சிவப்பு எழுத்து கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. அடியில் வந்துபோகிறவர்களை எண்ணும் கவுண்டர். ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்தைத் தனக்கு முன்பு வேலை கொடுத்த ஒரு தண்ணீர் பம்ப் கம்பெனியின் தளத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். அதன்படி நாங்கள் நவீன இயந்திரங்களும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்களும் கொண்ட முன்னணி ஏற்றுமதி நிறுவனம். உண்மையில் நானும் சிவமும்தான். அதிலும் மிளகாய்க் காம்பு கிள்ளும் சிவத்தை அரை ஆளாகத்தான் சொல்லலாம்.

தளத்தை ஏற்றுவதற்கு நேரம் குறித்துத் தரச் சொன்னதும் சலீம்தான். “எல்லா கஸ்டமரும் நல்ல நேரம் பாத்துத்தான் அப்லோட் பண்ணச் சொல்வாங்கக்கா. அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா நம்ம தலை உருளும்” என்றார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே கால் என்று குறித்தேன். மானிட்டரின் மேல் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தோம். ஒன்பதே காலுக்குச் சரியாகப் பொத்தானை அழுத்தினேன். இணைப்பு அந்த நாள் வேகத்தில் ஊர்ந்தது. மிளகாய்ப் படத்தில் பாதி ஏறும்போதே ராகு காலம் தொடங்கிவிட்டது. “ஸ்டார்ட் பண்ண நேரந்தாங்க்கா கணக்கு” என்று சொல்லிவிட்டு சலீம் ஜும்மாவுக்குக் கிளம்பப் போனார்.

விளம்பர வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். தேடுபொறிகளில் எல்லாம் தளத்தின் பெயரைப் பதிந்தார். முன்பின் தெரியாத நானூறு பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அதோடு நிற்காமல், தன் நண்பர்கள் ஓட்டுகிற ஷேர் ஆட்டோக்களின் முதுகில் தள முகவரியை ஒட்டினார். டொரொண்டோவில் விற்கவேண்டிய தூளுக்குத் தாம்பரம் ஆட்டோவில் விளம்பரம் எதற்கு என்று கேட்டேன். “யார் கண்ணுல எப்ப படும்னு சொல்ல முடியாதுக்கா” என்றார். கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு அம்மா தொலைபேசியில் கூப்பிட்டு, நூறு கிராம் சாம்பார்ப் பொடியை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவீர்களா என்று கேட்டார்.

கவுண்டர் என்னவோ ஏறிக்கொண்டேதான் இருந்தது. தினமும் காலையில் தனம் அக்காவிடம் காய் வாங்கிக்கொண்டு நேரே சென்டருக்குப் போவேன். முந்நூறு, நானூறு என்று எண் கூடியிருக்கும், ஆர்டர் பெட்டி காலியாக இருக்கும். விருந்தினர் ஏட்டில் காட்டாங்குளத்தூர் இன்ஜினீயரிங் மாணவர்கள் ‘சூப்பர் சைட், எங்கள் சைட்டையும் பாருங்கள்’ என்று எழுதிப் போயிருப்பார்கள். கவுண்டரில் பாதி நானும் சலீமும் என்று பிறகுதான் புரிந்தது.

மீதிப் பாதி எங்கள் ஆட்கள். அவர்கள் தளத்தை ஒரு வரி விடாமல் படித்தார்கள். படித்துவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தார்கள். லண்டனிலிருந்து தூரத்து உறவு மாமி ஒருவர் கூப்பிட்டார்.

“பிள்ளை, உன்ரை வெப்சைட் பாத்தனான். நல்ல வடிவாக் கிடக்கு. தூள் என்ன விலை?”

“அதிலை போட்டிருக்குத்தானே மாமி.”

“ஓம், கண்டனான். அது வெளி ஆக்களுக்கு. எனக்கு என்ன விலை?”

விலை படிந்த பிறகும் மாமி கிளிக் பண்ணவில்லை. “உதைத் தபாலிலை அனுப்பிப் பழுதாக்காதை. அங்கை இருந்து ஆரும் வருகினமோ? வாற ஆக்களிட்டைக் குடுத்துவிடன்” என்றார். பாரிஸ் அக்காவும் அதையே சொன்னார், ஒஸ்லோ அண்ணரும் அதையே சொன்னார். மற்றவர்கள் அதையே விருந்தினர் ஏட்டில் எழுதினார்கள். மிளகாய்ப் படத்தோடு ஏறிய ராகு காலம் என் தலையிலும் ஏறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழி பாதி கடந்தது. சிவம் நாட்காட்டித் தாளைக் கிழிக்கும்போது கொஞ்சம் சத்தமாகக் கிழித்தார். ஒரு நாள் சென்டரில் உட்கார்ந்து விருந்தினர் ஏட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் கண்ணைத் துடைப்பதைப் பார்க்காததுபோல் சலீம் திரையைப் படித்தார்.

“இது இன்னாக்கா, எல்லாரும் ‘ஆரும் வருகினமோ, ஆரும் வருகினமோ’ன்னே எழுதிக்கினு கீறாங்க? யாருக்கா வரணும்?”

நான் விளக்கினேன். எங்கள் ஊரில் யாராவது கொழும்புக்குப் புறப்பட்டால் அவருடைய பையில் அவருடைய சாமான் பாதிதான் இருக்கும். மீதி, முன்வீட்டுக்காரரின் மகனுக்கு முறுக்கு, பின்வீட்டுக்காரரின் திருத்தவேண்டிய மூக்குக்கண்ணாடி, யாரோ ஒருவருக்கு மாம்பழம். அப்பா ஒரு முறை தன் மாற்றுச் சட்டையை வெளியே எடுத்துவைத்துவிட்டு வேறொருவரின் பனங்கட்டியைக் கொண்டுபோனார். தபாலில் அனுப்பினால், கொண்டுபோய்க் கொடுக்கக்கூட உங்களுக்கு ஆள் இல்லையா என்று கேட்பார்கள். கடல் கடந்த பிறகும் அந்தப் பழக்கம் எங்களை விடவில்லை, பை மட்டும் பெரிய சூட்கேஸாகிவிட்டது.

சலீம் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். “அப்ப அதையே ஆப்ஷனா போட்ருவோம்க்கா” என்றார்.

அன்றைக்கே போட்டார். ஆர்டர் படிவத்தில் ‘கூரியர்’ என்பதற்குக் கீழே இரண்டாவது வட்டம்: ‘வருகிற ஆளிடம் கொடுத்துவிடவும்’. கூடவே ‘யார் வருகினம்?’ என்று புதிதாக ஒரு பக்கம். சென்னையிலிருந்து விமானம் ஏறுகிறவர்கள் பெயர், சேரும் இடம், தேதி, பெட்டியில் எத்தனை கிலோ இடம் என்று பதியலாம். தொலைபேசியில் கேட்ட எல்லாருக்கும் அதைச் சொன்னேன். வைத்தியத்துக்கும் கல்யாணத்துக்கும் சென்னைக்கு வந்து திரும்புகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இரண்டே நாளில் பதிந்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை ஆர்டர் பெட்டியில் ஒன்று இருந்தது. சூரிச்சிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண், இரண்டு கிலோ. இரண்டாவது வட்டத்தில் புள்ளி. சலீம் அச்செடுத்துக் கொடுத்த தாளை நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்காமலே கண்ணில் ஒற்றி, மானிட்டரைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றினேன். சலீம் விழுந்து விழுந்து சிரித்தார். “முடிஞ்சுதுக்கா. நீங்க நம்ம ஊர் ஆளாயிட்டீங்க” என்றார். தைப்பொங்கலுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. சிவம் தாளை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் காம்பு கிள்ள உட்கார்ந்தார்.

தனம் அக்காவுக்கும் சொன்னேன். “யார் கைம்மா போணி?” என்றார். “சுவிஸ்காரி அக்கா.” “நல்ல கையாத்தான் இருக்கும், பாரு” என்றார். இருந்தது. ஒரு வருடத்தில் அண்ணாவிடம் பணம் அனுப்புவதை நிறுத்தச் சொன்னேன். மதியம் வண்டி காலியானதும் தனம் அக்கா எங்கள் வீட்டுக்கு வறுக்க வரத் தொடங்கினார். முதல் நாள் இருமித் தள்ளினார், “இத்தப் போய் துட்டுக் குட்த்து வாங்கறாங்களா!” என்றார். இப்போது என்னைவிட அவருக்குத்தான் பதம் சரியாக வருகிறது.

வியாபாரம் வளர, ‘யார் வருகினம்’ பக்கத்தில் ஒரு சிக்கல் வந்தது. சென்னையிலிருந்து உறவுகளைப் பார்க்கப் போகிறவர்கள் திரும்பி வரும்போது அங்கிருந்து தைலம், மாத்திரை, ஸ்வெட்டர் என்று கொடுத்துவிட எல்லாரும் துடித்தார்கள். போகிறவர்களோ சுமைக்குப் பயந்து திரும்பும் தேதியை மறைத்தார்கள். சலீம் அதற்கும் ஒரு வழி செய்தார். ‘திரும்பும் தேதி’ என்று ஒரு கட்டம் போட்டு, அதை நிரப்பாவிட்டால் படிவம் ஏற்காது என்று செய்துவிட்டார்.

போன மாதம் எங்கள் பேப்பர் வந்தது.

ஆறு மாதம் என்று சொன்னது ஆறு வருடத்தில் வந்தது. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. சலீமுக்கு இன்னும் மகிழ்ச்சி. “டொரொண்டோவுக்கு இருபத்தாறு ஆர்டர் நிக்குதுக்கா. இப்ப வர்ற ஆளே நீங்கதான்!” என்று என்னை உட்காரவைத்தார். பெயர் எழுதினேன். சேரும் இடம், டொரொண்டோ. தேதி எழுதினேன். சேமி என்று அழுத்தினேன். சிவப்பில் வந்தது: திரும்பும் தேதியை நிரப்பவும்.

ஆறு வருடத்துக்கு முன் ஊரைவிட்டுக் கிளம்பிய காலையில் பக்கத்து வீட்டு அன்னத்திடம் சாவியைக் கொடுத்து, “ரெண்டு கிழமையிலை வந்திடுவம்” என்று இரண்டு வாரக் கணக்குச் சொன்னேன். என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு தேதி சொல்லியிருப்பேன், சொன்ன வாய்க்காக ஒருவேளை போயும் இருப்பேன். அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“சும்மா ஏதாவது ஒண்ணு போடுங்கக்கா, அப்புறம் மாத்திக்கலாம்” என்றார் சலீம். பின்னால் நின்ற சிவத்தைத் திரும்பிப் பார்த்தேன். “பொங்கலுக்கு ரெண்டு நாள் முந்திப் போடும்” என்றார் கணக்கு வாத்தியார். போட்டேன். படிவம் ஏற்றுக்கொண்டது.

மறுநாள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அண்ணா கூப்பிட்டார். “என்ன பிள்ளை, வர முந்தியே திரும்பும் தேதி?” என்றார். கட்டத்தை நிரப்பாவிட்டால் படிவம் விடாது அண்ணா என்றேன். “அப்ப திரும்பிப் போகேக்கை என்ரை சிநேகிதனுக்கு ஒரு பார்சல் கொண்டுபோ. பல்லாவரத்திலைதான் இருக்கிறான்” என்றார். அன்று மாலைக்குள் என் திரும்பும் பெட்டியில் ஆறு பேர் இடம் பிடித்துவிட்டார்கள். போகிற பெட்டியில் தூள் போக எங்கள் உடுப்புக்கு இடமில்லை. வருகிற பெட்டியோ இன்னும் வாங்கவே இல்லை, அதற்குள் நிறைந்துவிட்டது.

ஆறாவது ஆள் டொரொண்டோவில் இருக்கும் என் பள்ளித் தோழி. குறிப்புக் கட்டத்தில் எழுதியிருந்தாள்: ‘ஊரிலை இருக்கிற அம்மாவுக்கு ஒரு சால்வை. தாம்பரம் வரைக்கும் நீ கொண்டுபோ. அங்கை இருந்து ஆரும் ஊருக்குப் போனால் குடுத்துவிடு.’

பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். சேரும் இடங்களில் டொரொண்டோ இருந்தது, லண்டன், பாரிஸ், ஒஸ்லோ, சூரிச் எல்லாம் இருந்தன. எங்கள் பருத்தித்துறை மட்டும் இல்லை. விமானம் ஏறுவதற்குள் அதையும் சேர்த்துவிடச் சொல்லி சலீமிடம் சொல்லியிருக்கிறேன். “அங்க யாருக்கா போறாங்க?” என்று கேட்டார். சால்வை வரட்டும் தம்பி, பார்ப்போம் என்றேன்.