மூன்று ஜனாதிபதிகளும் அண்ணையின் ஞாயிற்றுக்கிழமையும்

இந்தியப் படை ஊரை விட்டுப் போன அந்த வசந்தத்தில், லண்டன் டூட்டிங்கில் எங்கள் வீட்டு முன்னறைக்கு அமெரிக்கா வராத ஞாயிற்றுக்கிழமையே இல்லை. அண்ணையும் கூட்டாளிகளும் ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பிட்டு முடித்து உலக அரசியல் பேச உட்காருவார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஆய்வு. தேத்தண்ணி ஊற்றுவது நான். எரிச்சல் எரிச்சலாக வரும்.

அண்ணையின் அகதி வழக்கு வென்றிருந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்த அண்ணியையும் ஐந்து வயது மகளையும் ஸ்பொன்சரில் கூப்பிடலாம். அவர்கள் கொழும்புக்கு வந்து விசா அலுவலைத் தொடங்குவதுதான் பாக்கி. அண்ணை விடவில்லை. பெர்லினில் மதிலே விழுந்துவிட்டது, அடுத்தது நாங்கள்தான், அமெரிக்கா எங்களுக்கும் ஒரு நாடு வாங்கித் தரும், ஊருக்கே திரும்பப் போகிறவர்கள் பிள்ளையை ஏன் இந்தக் குளிருக்குள் கொண்டுவர வேண்டும் என்பார். ஊரில் மறுபடி பதுங்குகுழி வெட்டுகிறார்கள் என்று அண்ணி போனில் சொல்லியிருந்தாள்.

வினை என் பாடப்புத்தகத்தால் வந்தது. மாலை வகுப்பில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தவணைக்கு, நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவை ஆண்ட மூன்று ஜனாதிபதிகள். முதலாமவர் மெதுவாகப் பேசிக்கொண்டே கையில் பெரிய தடி வைத்திருந்தவர். அடுத்தவர் துப்பாக்கிக்குப் பதிலாக டொலரை அனுப்பிப் பார்த்தவர். மூன்றாமவர் நியாயம் பேசியவர். எந்த மக்களும் தங்கள் ஆட்சியைத் தாங்களே தீர்மானிக்கலாம் என்றவர். அண்ணை புத்தகத்தைப் புரட்டி மூன்றாமவரைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியே, அவையே சொல்லியிருக்கினம். சொன்ன சொல்லை மீறேலாது."

எங்கள் ஊரில் கலியாணப் பேச்சும் வேலிச் சண்டையும் ஒரு பெரிய மனிதர் சபையில் சொன்ன சொல்லோடு முடிந்துவிடும். அந்த ஜனாதிபதியையும் அண்ணை அப்படி ஒருவராகவே எடுத்துக்கொண்டார். அதைக் கேட்டுக் கூட்டாளிகள் தலையாட்டியபோது எனக்குப் பொறுக்கவில்லை. தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்தேன்.

"அண்ணை, அடுத்த பக்கத்தையும் வாசியுங்கோ. அதே ஆள்தான் ஹெயிட்டிக்குப் படை அனுப்பினவர். பாரிசில சமாதானம் பேசேக்க, அடிமை நாடுகளில இருந்து போன ஆக்களுக்குக் கதவே திறக்கேல்லை."

"ரெண்டு புத்தகம் படிச்சிட்டு எனக்கு அரசியல் சொல்லித் தாறியோ?"

"தடி வைச்சிருந்தவரும் டொலர் வைச்சிருந்தவரும் நியாயம் பேசினவரும் தங்கட நாட்டுக்காகத்தான் செய்தவை. உங்கட பிள்ளைக்காக ஒருத்தரும் வரமாட்டினம்."

அண்ணையின் முகம் கறுத்துப்போனது. கூட்டாளிகள் கம்பளத்தைப் பார்த்தார்கள். கன்னத்தில் அறை விழப்போகிறது என்றே நினைத்தேன். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"அண்ணியெண்டால் பொறுக்கச் சொல்லு," என்றார், எழும்பாமலே.

அண்ணிதான்.

"நாங்கள் கொழும்பில நிக்கிறம்," என்றாள். "நேற்று ரயிலால வந்தனாங்கள். உன்ர அண்ணையின்ர ஆய்வு முடியுமட்டும் பிள்ளையோட அங்க இருக்க ஏலாது. நான் முடிவெடுத்திட்டன். அவரிட்டச் சொல்லு."

ஒரு சொல் குறைக்காமல், எல்லோர் முன்னாலும் உரக்கச் சொன்னேன். ஒருவரும் தேத்தண்ணியைத் தொடவில்லை. அண்ணை எழுந்து வந்து ரிசீவரை வாங்கினார்.

"பிள்ளை சாப்பிட்டவளோ?" என்று கேட்டார்.

ஜூன் மாதம் சண்டை மறுபடி தொடங்கியது. அவர்கள் வந்த ரயில் அதன் பிறகு பல வருடங்கள் யாழ்ப்பாணத்துக்குப் போகவில்லை.