‘ஆகு’ என்றால் நில்

1. ஹைதராபாத்துக்கு வெளியே ஓர் ஏரிக்கரையில் கூடாரமிட்டுத் தங்கப் போன இடத்தில், மைதிலி என்ற பெண்ணும் நானும் ஒரே துடுப்புப் படகில் ஏறினோம். அன்று காலைதான் அறிமுகம்; ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம்.
2. பாறையைக் கண்டதும் முன்னால் இருந்த அவள், “ஆகு, ஆகு!” என்று கத்தினாள்.
3. நான் பலமாகத் துடுப்புப் போட்டேன்.
4. படகு கவிழ்ந்தது.

தெலுங்கில் ‘ஆகு’ என்றால் நில். இந்தியில் ‘ஆகே’ என்றால் முன்னே. ஹைதராபாத்தின் மௌலா அலி பகுதியில் வளர்ந்த எனக்கு இரண்டும் தெரியும். அவசரத்தில் காதில் விழுந்தது இந்தி.

லைஃப் ஜாக்கெட் இருந்ததால் மிதந்தோம். “ஐயோ, என் புதுச் செருப்பு!” என்று அலறினாள் மைதிலி.

“நீ தமிழா?” என்றேன்.

“ஹவ், ஆமா! நீயுமா? தெரிஞ்சிருந்தா ‘நில்லுடி’ன்னே கத்தியிருப்பேனே!”

தண்ணீரில் கிடந்தபடியே சிரித்தோம்.

கரையில் படகுக்காரர் துடுப்பைப் பிடுங்கிக்கொண்டார். “லேடீஸ்கு போட் நக்கோ மேடம், போட்டோ லேவ்” என்றார். பெண்களுக்குப் படகு வேண்டாமாம், படம் எடுத்துக்கொண்டால் போதுமாம்.

காலையில் அதே பாறையில் கவிழ்ந்த இரண்டு ஆண்களை அவரே தட்டிக்கொடுத்து மறுபடி ஏற்றிவிட்டதை நாங்கள் பார்த்திருந்தோம். அதைச் சொன்னேன். தவறு நடந்தது மொழியால், நாங்கள் பெண்களாக இருந்ததால் அல்ல என்று அவருடைய இந்தியிலேயே சொன்னேன். துடுப்பு திரும்பி வந்தது. பாறையைச் சுற்றிவிட்டு நனையாமல் கரை சேர்ந்தோம்.

இப்போதெல்லாம் யாருடன் படகில் ஏறினாலும், நிறுத்தச் சொல்ல எந்த மொழி என்பதை முதலில் பேசி முடிவு செய்துகொள்கிறேன். வீட்டில் இனி ஏரிப் பக்கமே போகாதே என்கிறார்கள். மைதிலியும் நானும் அடுத்த மாதத்துக்கு இடம் பதிவு செய்துவிட்டோம்.