நாய் உண்டா என்று கேட்பவள்

பட்டியின் படலை ஓர் ஆடு நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, கையில் வேப்பங்குச்சியுடன் நிற்கிறாள் சென்னியம்மாள். ஆடுகள் ஒவ்வொன்றாக உள்ளே போகின்றன. குச்சி முதுகைத் தொடுகிறது, உதடு அசைகிறது. கடைசி ஆடு போன பிறகும் குச்சி கீழே இறங்குவதில்லை. "இப்ப மனுசக் குட்டிக வாங்க" என்கிறாள். விருந்துக்கு வந்த பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வரிசையாக நுழைகிறார்கள். ஒவ்வொரு தலைக்கும் ஒரு தட்டு. பிறகு நாய். பிறகு பெரியவர்கள், அவர்களுக்குத் தட்டு இல்லை, பார்வை மட்டும்.

"தண்ணியோரம் இருக்கறவளுக்கு எண்ணிக்கை முக்கியமுங்க. ஆடு கொறஞ்சா நரி. ஆளு கொறஞ்சா தண்ணி."

நாங்கள் போய்ச் சேர்ந்த முதல் மாலை, எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. குறைந்தது நான்தான், கரையில் நின்றுகொண்டிருந்தேன். அவள் போட்ட சத்தத்தில் நீரோரம் இருந்த கொக்குகள் எழுந்து பறந்தன.

மேச்சேரியிலிருந்து மாட்டு வண்டியில் அரை நாள் வழி. மேட்டூர் அணையின் நீர் வந்து தொடும் மேட்டில், காற்று வாங்க வருகிறவர்கள் தங்குவதற்கு அவளுக்கு இரண்டு கொட்டாய்கள் இருக்கின்றன. அணை கட்டி முடித்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஆடி மாதம் நீர் ஏறும்போது எதிர்க்கரை தெரியாது. மேல்காற்றில் அலையும் அடிக்கும். சென்னியம்மாள் அதைக் கடல் என்றே சொல்கிறாள். நான் சென்னையில் படித்தபோது உண்மையான கடலைப் பார்த்திருக்கிறேன் என்றேன்.

"அந்தத் தண்ணிய ஆடு குடிக்குமுங்களா?"

"குடிக்காது."

"பொறவு என்ன கடலு?"

பெரிய கொட்டாய் பதினான்கு அடிக்கு ஒன்பது அடி, காற்றுப் பக்கம் பார்த்தது. சோளத்தட்டுக் கூரை, சாணி மெழுகிய தரை. மற்றது சிறியது, மழை வந்தால் வடமேற்கு மூலை ஒழுகும். யாருக்கு எது என்பதை அவள் ஒரே கேள்வியில் முடிவு செய்கிறாள். வண்டி நிற்பதற்குள் ஓடிவந்து, "நாயி இருக்குதுங்களா?" என்பாள். நாய் உள்ள குடும்பத்துக்குப் பெரிய கொட்டாய். ஓமலூர் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் மனைவி, மாமியார், ஐந்து பிள்ளைகளோடு வந்து ஒழுகும் கொட்டாயில் படுத்தாராம். அதே வாரம், நாயோடு தனியாக வந்த ஒருவருக்குப் பெரியது கிடைத்தது. கேட்டதற்கு, "வாத்தியாரு கொரைப்பாருங்களா?" என்றாளாம். பட்டியைச் சுற்றி நரி நடமாட்டம் அதிகம்.

விருந்தாளிகளைச் சும்மா உட்கார விட மாட்டாள். காலையில் பிள்ளைகள் ஆடுகளைத் தண்ணீருக்கு ஓட்ட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் கிளிஞ்சல் பொறுக்க வேண்டும். பகலில் அவள் கணவர் மாதையனின் பரிசல். நாய் நடுவில் உட்காரும், பிள்ளைகள் சுற்றி உட்காருவார்கள். இந்த ஒழுங்கு மாறினால் மாதையன் துடுப்பைத் தொட மாட்டார். கரையிலிருந்து நூறு கெஜம் போனதும், துடுப்பை ஒரே பக்கம் போட்டுப் பரிசலைச் சுழற்றுவார். என் அக்கா சௌந்திரம் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள். அவள் பிள்ளைகள் இன்னொரு சுற்று கேட்டார்கள்.

ஓரிடத்தில் சென்னியம்மாள் தண்ணீருக்குள் விரலை நீட்டினாள். "இதுக்கு நேராக் கீழதான் என்ற மாமியா ஊடு. மாமியாளைக்காட்டியும் மீனுக நல்லாக் குடித்தனம் பண்ணுதுக."

எனக்கும் வேலை கொடுத்தாள். "நீங்க அணைக்கட்டு ஆபீசுல படம் போடறவருங்களாமா? புள்ளைகளுக்கு ஒண்ணு கட்டிக் குடுங்க." ஈர மணலில் ஆறடி நீளத்துக்கு ஓர் அணை கட்டினேன். மதகு வைத்தேன், உபரிநீர் வழியும் வைத்தேன். மூன்றாவது அலையில் போய்விட்டது. சென்னியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மேட்டூர்ல நீங்க கட்டலைங்களே? நாங்க கீழ்ப்பக்கம் ஒறம்பரை சனங்க ஊட்டுக்குப் போறவிங்க."

நாங்கள் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் கருமாதி முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. வீட்டில் இருந்தால் பிள்ளைகள் ஏங்கிப் போவார்கள் என்று சௌந்திரம் சொன்னாள். செவலையை விட்டுவர முடியவில்லை. அது அம்மாவின் நாய். அம்மா போன நாளிலிருந்து தண்ணீரும் இரண்டு வாய்க் கஞ்சியும்தான் அதன் உணவு. வண்டி ஏறிய நாளிலிருந்து கஞ்சியும் இல்லை. விலா எலும்புகளை எண்ணலாம். கிளம்பும் முன்பே சேலத்தில் மாட்டு வைத்தியர் பார்த்துவிட்டு, இப்படியே போனால் ஒரு வாரம் தாங்காது என்றார்.

சென்னியம்மாள் அதைக் கேட்டதும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "என்ற ஊட்டுக்கு வந்து திங்காத நாயி இன்னும் பொறக்கலைங்க."

முதல் நாள் சுட்ட மீன் வைத்தாள். செவலை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. இரண்டாம் நாள் ஆட்டெலும்பு. அதை எறும்பு தின்றது. மூன்றாம் நாள் சீம்பால் கொண்டுவந்தாள். நாய் எழுந்து போய் வேலியோரம் படுத்துக்கொண்டது.

"உன்ற சமையலுக்கு நாயே எந்திரிச்சுப் போயிருச்சு. நான்தான் இருபது வருசமா உக்காந்திருக்கறேன்" என்றார் மாதையன்.

"உங்களுக்கு மூக்கு இல்லீங்க. அதுக்கு இருக்குது" என்றாள். ஆனால் அன்று அவள் சிரிக்கவில்லை. என் தட்டைப் பார்த்தாள். அதிலும் பாதி மீந்திருந்தது. எடுத்துப் போனாள்.

நான்காம் நாள் காலை பட்டியில் ஒரு குட்டி செத்துப் பிறந்தது. தாய் ஆடு கத்திக்கொண்டே இருந்தது. இன்னொரு மூலையில், இரட்டைக் குட்டி போட்ட ஆடு, ஒன்றைச் சேர்த்துக்கொண்டு மற்றதை முட்டித் தள்ளியது. சென்னியம்மாள் செத்த குட்டியின் தோலை உரித்தாள். தள்ளப்பட்ட குட்டியின் மேல் அதைச் சட்டை போலப் போர்த்தி, நாரால் கட்டினாள். கத்திக்கொண்டிருந்த ஆட்டின் முன்னால் விட்டாள். ஆடு முகர்ந்தது. சுற்றி வந்து மறுபடி முகர்ந்தது. காலை அகட்டிப் பால் கொடுத்தது.

"அது குட்டி இல்லைன்னு அதுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள் அக்காவின் மகள் ஆராயி.

"பாத்தாத் தெரியும் கண்ணு. ஆடு பாக்காது. மோந்துதான் நம்பும்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். குச்சியைக் கீழே போட்டுவிட்டு நேராக எங்களிடம் வந்தாள்.

"அம்மா கட்டுன சீலை ஒண்ணு வேணுமுங்க. தொவைக்காதது."

"எல்லாத்தையும் வண்ணாத்திகிட்டக் குடுத்தாச்சே அக்கா" என்றாள் சௌந்திரம்.

நான் பெட்டியைத் திறந்தேன். வரைபடத் தாள்களுக்கு அடியில் இருந்தது, பழுப்பு நூல் சேலை. விறகுப் புகையும் விளக்கெண்ணெயும் மணக்கும். அதை நான் எடுத்து வைத்தது அக்காவுக்குத் தெரியாது. அவள் என்னைப் பார்த்தாள்.

"செத்தவிங்க சீலையைப் போயி மேல போடறயா புள்ள?" என்றார் மாதையன்.

"ஆட்டுக்குட்டி தோலப் போட்டுக்கிட்டு பால் குடிக்குதல்ல? எனக்கு மட்டும் என்ன ஆயிரும்?" என்னிடம் திரும்பினாள். "அம்மா நாயிக்கு என்ன போடுவாங்க?"

"களி. மோரில் தொட்டு, கையிலேயே கொடுப்பார்."

"எப்பிடிக் கூப்புடுவாங்க?"

"சாமி என்று."

"என்னாட்டவேதான்" என்றாள் சென்னியம்மாள்.

சேலையைக் கொடுப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. களி ஒட்டிவிடும் என்றேன். வாசனை போய்விடும் என்று சொல்லவில்லை.

"ஒட்டுமுங்க" என்றாள். கையை நீட்டியபடியே நின்றாள். கொடுத்தேன்.

உச்சி வெயில். கொட்டாயின் நிழலில், ஒரு முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தாள். அம்மாவின் சேலையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். சட்டியில் களி, பக்கத்தில் மோர். வேலியோரம் கிடந்த செவலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாருக்காகவும் இல்லை என்பது போல உருண்டை பிடித்தாள். நாங்கள் அவளுக்குப் பின்னால், கூரைத் தூணை ஒட்டி நின்றோம்.

காற்று தண்ணீரிலிருந்து வேலிப் பக்கம் அடித்தது. செவலையின் காது நிமிர்ந்தது. எழுந்தது. கால் தடுமாறியது. நின்று நின்று நடந்து வந்தது. உருண்டையைப் பார்க்கவில்லை. அவள் முன்பக்கம் சுற்றி வந்து, முந்தானைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. சென்னியம்மாள் அசையவில்லை.

"இந்தா சாமி" என்றாள்.

வால் ஒருமுறை ஆடியது. உருண்டையை மெல்ல, பல் படாமல், வாங்கிக்கொண்டது. ஆராயி கைதட்டப் போனாள். அவள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது உருண்டை. மூன்றாவது. நான்காவதற்கு அது தானாகவே கையைத் தேடியது. மாதையன் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, புகை என்றார். அடுப்பு அணைந்து வெகு நேரமாகியிருந்தது.

சென்னியம்மாள் ஐந்தாவது உருண்டையைப் பிடித்தாள். முன்னவற்றைவிடப் பெரியது. மோரில் தோய்த்தாள். நாய் வாயைத் திறந்தது. அவள் அதற்குக் கொடுக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல், தோளுக்கு மேலாகக் கையைப் பின்னால் நீட்டினாள், நான் நின்ற பக்கம்.

"இந்தா சாமி."