எனக்கு வராத ரகசியக் கடிதம்

எண்பதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தேன். எங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரே யுனிக்ஸ் கணினி. என் அறைத்தோழிக்கும் அங்கேதான் வேலை. மதுரையிலிருந்து புதிதாக ஒருத்தி வந்து சேர்ந்ததும், அவர்கள் இருவரும் அந்தக் கணினியிலேயே ரகசியக் கடிதம் அனுப்பிக்கொள்ளத் தொடங்கினார்கள்.

தோழியின் திரையில் ரகசியக் கடிதம் வந்திருப்பதாக ஒரு வரி தெரியும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அவள் தன் ரகசியச் சொல்லைத் தட்டித் திறந்து படிப்பாள், தனக்குள் சிரித்துக்கொள்வாள். அது அவர்கள் இருவருக்குள் செய்துகொண்ட ஏற்பாடு என்றே நினைத்திருந்தேன்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது தோழியிடம் கேட்டே விட்டேன். "எனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் அனுப்ப மாட்டேங்குற?"

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "அனுப்பாமயா இருந்தேன்? நீ இன்னும் என்ரோல் பண்ணலன்னு மிஷின் திருப்பிவிட்டுருது. என்ரோல் பண்ணாத்தான் ஒம் பேர்ல ஒரு பூட்டு மிஷின்ல இருக்கும், அது இருந்தாத்தானே நான் பூட்டி அனுப்ப முடியும்? தெறக்குற சொல்ல நீ யார்ட்டயும் சொல்ல வேண்டாம்டி."

அன்றே என்ரோல் என்ற கட்டளையைத் தட்டி, எனக்கென்று ஒரு சொல்லைக் கொடுத்தேன். மறுநாள் தோழியிடமிருந்து எனக்கு முதல் கடிதம் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். 'பூண்டியிலேர்ந்து வந்த கேரட் வாங்கிருக்கேன். சாயங்காலம் அல்வா கிண்டுவோம். மதுரைக்காரியையும் கூப்பிட்டிருக்கேன்.'

கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அல்வா நன்றாகவே இருந்தது. அவர்களுடைய பழைய கடிதங்களில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.