களி உருண்டையும் எட்டு நிமிடமும்

கேப்பை மாவு கொதிக்கிற தண்ணீரில் விழுந்ததும் முதலில் ஈரமண் வாசம் வரும். துடுப்பு நாலு சுற்று சுற்றியதும் அது வறுத்த வாசமாக மாறும். அடிப்பிடித்தால் அது வேறு வாசம். விழுப்புரத்தில் எங்கள் ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே ஒருவர் தள்ளுவண்டியில் களியும் கூழும் விற்கிறார். பதினோரு மணிக்கு மேல் அந்த வாசம் மதிலைத் தாண்டி, ஓ.பி. சீட்டு வரிசையைத் தாண்டி, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் என் அறைக்குள் வந்துவிடும். வரும்போது தனியாக வருவதில்லை. தனபாக்கியம் அம்மாவையும், அவரை நான் திட்டிய நாளையும் கூட்டிக்கொண்டு வரும்.

நான் டயட் கவுன்சிலர். வாரத்தில் மூன்று நாள் விழுப்புரம், இரண்டு நாள் திண்டிவனம். சர்க்கரை, பிரஷர் கிளினிக்கில் டாக்டர் பார்த்து முடித்தவர்களை என்னிடம் அனுப்புவார்கள். ஆளுக்கு எட்டு நிமிடம் கிடைக்கும். கூட்டம் அதிகமென்றால் அதுவும் இல்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் ஒன்றையே கேட்கிறார்கள். எட்டு நிமிடத்தில் என்ன மேடம் செய்ய முடியும்? கெடுக்க நிறையவே முடியும். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1. ஜெராக்ஸ் தாள்

அந்த நாட்களில் என்னிடம் ஒரு தாள் இருந்தது. சாப்பிடக் கூடியவை ஒரு பக்கம், கூடாதவை மறுபக்கம். ஜெராக்ஸின் ஜெராக்ஸ் என்பதால் எழுத்தெல்லாம் சாம்பல் பூத்திருக்கும். ஆள் உட்கார்ந்ததும் தாளை நீட்டுவேன். அரிசியைக் குறைங்க, கேப்பை சேத்துக்கங்க, இனிப்பு வேண்டாம், கிழங்கு வேண்டாம். எட்டு நிமிடத்தில் ஏழு நிமிடம் நான் பேசுவேன். மீதி ஒரு நிமிடம் அவர்கள் தலையாட்டுவார்கள். அந்த வேகத்தில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

தனபாக்கியம் அம்மா செஞ்சி ரோட்டில் இருக்கும் மண்டகப்பட்டில் இருந்து வந்தார். ஐம்பத்தாறு வயது. சொந்த நிலத்தில் கேப்பையும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் வைக்கிறவர். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு ஆபரேஷன் தேதி கொடுத்திருந்தார்கள். போன இடத்தில் சர்க்கரை அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காலையில் வெறும் வயிற்றில் இருநூற்று நாற்பது. இருநூறுக்குக் கீழே இறக்கிக்கொண்டு வந்தால்தான் கத்தி வைப்போம், அதிகம் தாமதித்தால் புரை முற்றிவிடும் என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். அவருடைய மருமகள் கையைப் பிடித்துக் கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

ஏழு நிமிடம் பேசினேன். தாளைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி நாலாக மடித்து, இடுப்பில் சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டார். யாரும் அந்தத் தாளை அவ்வளவு பத்திரமாக வைத்து நான் பார்த்ததில்லை.

2. திட்டிய நாள்

ஒரு மாதம் கழித்து வந்தபோது சர்க்கரை இருநூற்று அறுபத்தெட்டு. இறங்கவேண்டியது ஏறியிருந்தது. ஆபரேஷன் தேதி இரண்டாவது முறையாகத் தள்ளிப்போனது.

சொன்னதையெல்லாம் செய்தீர்களா என்று கேட்டேன். செய்தேன் என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. காலையில் இருந்து இருபது பேர் இதே பதிலைச் சொல்லியிருந்தார்கள்.

"மெய்யாலும்தாங்க. அரிசிய வுட்டு ஒரு மாசம் ஆச்சி. நீங்க சொன்னீங்கன்னு மூணு வேளையும் கேப்பதான் துன்னுக்கினு இருக்கேன்."

"அப்போ சக்கரை எப்படிம்மா ஏறும்? என்கிட்ட மறைச்சி என்ன ஆவப்போவுது? கண்ணு போனா உங்களுக்குத்தானே கஷ்டம்?"

"சரிங்க" என்றார். எழுந்துவிட்டார். எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒருவர் இப்படிச் சரிங்க என்று சொன்னால் பேச்சு முடிந்துவிட்டது, கதவைச் சாத்திவிட்டார் என்று அர்த்தம். சாத்திய கதவை நான் அப்போது பார்க்கவில்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டேன்.

மருமகள் மட்டும் வாசலில் நின்று திரும்பினாள். "மேடம், மாமியா சொல்றது நெசம். நான்தான கிளர்றேன். ஒரு வேளைக்கு மூணு உருண்ட. மருந்துன்னு நெனச்சிக்கினு துன்னுது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். கேப்பையும் மாவுப்பொருள்தான். அளவு மிஞ்சினால் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். இது எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். ஆனால் என் தாளில் கேழ்வரகு சேர்த்துக்கொள்ளவும் என்று இருந்ததே தவிர எவ்வளவு என்று இல்லை. எங்கள் ஊர்களில் கேப்பை என்றால் நல்லது, நல்லது என்றால் நிறைய. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. நான் எழுதிக் கொடுத்ததை எழுத்துக்கு எழுத்து செய்திருந்தார். நான் சொன்னபடி நடந்ததால் அவர் கண் இன்னும் ஒரு மாதம் இருட்டியது. அதற்கு நான் அவரையே திட்டியும் அனுப்பினேன்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

3. திண்டிவனத்தில் நானே பேஷண்ட்

அந்த இடைவெளியில் திண்டிவனத்தில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்று தலைப்பு. பயிற்சி கொடுத்தவர் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான். மாறு என்று சொல்வது நம் வேலை இல்லை. மாறுவதற்கான காரணம் வந்தவரிடமே இருக்கிறது. அதை அவர் வாயாலேயே சொல்ல வைத்து, சொல்வதைக் காதில் வாங்கி, அவருக்கே திருப்பிக் காட்டுவதுதான் வேலை. நான் பின்வரிசையில் உட்கார்ந்து சிரித்தேன். எங்கள் வரிசையை ஒருநாள் வந்து பாருங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். ஒருவர் கவுன்சிலர், இன்னொருவர் பேஷண்ட். பேஷண்ட் சொந்தப் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். என்னோடு ஒரு நர்ஸ். நான் மத்தியானச் சோறு சாப்பிடுவதில்லை, டீயும் பன்னும்தான், நாலு மணிக்குப் பசியே செத்துப்போகிறது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். முதல் சுற்று பழைய முறை. அவர் எனக்கு அல்சர் பற்றிச் சொன்னார், கேஸ் டிரபிள் பற்றிச் சொன்னார், ஊருக்கெல்லாம் சொல்கிற நீங்களே இப்படியா என்று கேட்டார். எல்லாம் சரி. எல்லாம் எனக்கு முன்பே தெரிந்தது.

"சரிங்க" என்றேன்.

என் வாயில் இருந்து அந்தச் சொல் விழுந்த விதம் எனக்கே கேட்டது. மண்டகப்பட்டு அம்மா எழுந்து போனது கண்முன் வந்தது.

இரண்டாவது சுற்றில் அதே நர்ஸ் கேள்வி கேட்டார், பிறகு சும்மா இருந்தார். சும்மா இருந்த அந்த நேரத்தில் நான், வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளிடம் எரிந்து விழுவது பசியால்தானோ என்று சொன்னேன். அதை அதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை. என் காதும் அதைக் கேட்டதில்லை.

4. எட்டு நிமிடம்

மூன்றாவது மாதம் மருமகள் எப்படியோ பேசி அவரைக் கூட்டி வந்தாள். தடவித் தடவி நாற்காலியைப் பிடித்தார். நான் இருக்கும் திசைக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்றைக்குத் தாளை எடுக்கவில்லை. போன தடவை நான் பேசியது தப்பு, அளவு சொல்லாமல் விட்டது என் பிழை என்று முதலில் சொன்னேன். அவர் சேலைத் தலைப்பை முழங்காலில் மடித்துக்கொண்டிருந்தார். கண் தெரிந்தால் முதலில் என்ன செய்ய ஆசை என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டேன். வெளியே டோக்கன் கூப்பிடுகிறார்கள். ஒரு நிமிடம் முழுதாகப் போயிற்று. இந்த வேலையில் எனக்குத் தெரிந்த மிகக் கஷ்டமான காரியம் அந்த ஒரு நிமிடம்தான்.

"தனியா பஸ் ஏறணும்" என்றார். "மேல்மலையனூர் கோயிலுக்கு. அமாவாசைக்கு அமாவாச போறவ நான். ஊரே என்னக் கேட்டுக்கினுதான் கெளம்பும். இப்ப போர்டு தெரியல. போன தையில மலையனூர் வண்டின்னு ஏறி, எறங்குனா திருவண்ணாமல. கண்டக்டரு சிரிக்கிறான். அன்னியிலேருந்து மருமவள எதிர்பாத்துக்கினு குந்திக்கினு இருக்கேன்."

நான் கண்ணைப் பற்றிக் கேட்டேன். அவர் பஸ்ஸைப் பற்றிச் சொன்னார். என் தாளில் பஸ்ஸுக்கு இடமே இல்லை.

யாரையும் கேட்காமல் போய்வந்த ஆள் நீங்கள், இப்போது அடுத்தவர் கை வேண்டியிருக்கிறது, அதுதான் கண்ணைவிட வலிக்கிறது என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். ஆமாம் என்று முதல் தடவையாக என் முகம் இருக்கும் பக்கம் சரியாகத் திரும்பினார்.

கேப்பையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லலாமா என்று அனுமதி கேட்டேன். சொல்லு என்றார். அரை நிமிடத்தில் சொன்னேன். அதில் அவருக்கு எது தோதுப்படும் என்று கேட்டேன். அவரே கணக்குப் போட்டார். வேளைக்கு ஒரு உருண்டை, அதுவும் கைக்குள் அடங்குகிற மாதிரி, கூட முருங்கைக்கீரையை இரண்டு பங்காக்கி. காலைக் கூழ் ஒரு சொம்புக்குப் பதில் ஒரு டம்ளர், மீதி வயிற்றுக்கு மோர். நான் சொல்லியிருந்தால் இவ்வளவு சொல்லியிருக்கமாட்டேன்.

கடைசியில் பயிற்சியில் கற்றுக்கொண்ட ஒரு கேள்வி. இதைச் செய்துவிடுவேன் என்று உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை, ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள். ஆறு என்றார். ஏன் பத்து இல்லை என்று கேட்கக்கூடாது. கேட்டால் முடியாததற்கான காரணங்களை அடுக்குவார்கள். எண்ணை இறக்கிக் கேட்கவேண்டும்.

"ஆறு சொல்றீங்க. ஏன் மூணுன்னு சொல்லல?"

"இது இன்னாம்மா கேள்வி" என்று சிரித்தார். பிறகு யோசித்தார். "வெத்தலயோட பொயல போட்டுக்கினு இருந்தவ நான், முப்பது வருசம். ஒரே நாள்ல வுட்டேன். என் மாமியா செத்தன்னிக்கி. அத வுட்டவளுக்கு ரெண்டு உருண்ட பெருசா?"

எட்டு நிமிடம் முடிந்தது. நான் பேசியது இரண்டு நிமிடம் இருக்கும்.

5. கொல்லையில் டீ

கதை நேராகப் போகவில்லை. அடுத்த மாதம் இருநூற்றுப் பதினைந்து. இறங்கியிருந்தது, போதவில்லை. மூன்றாவது தேதி கையில் இருந்தது, அதற்கு இரண்டே வாரம். மல்லாட்டை பிடுங்குகிற நேரம். கொல்லையில் நிலத்து வேலையாள்களோடு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. என் நாக்கு நுனி வரைக்கும் பிரசங்கம் வந்துவிட்டது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். டீயைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். காலை டீ இல்லாவிட்டால் தலை இடிக்கும், அதை விடமாட்டேன், மற்ற நாலையும் சர்க்கரை இல்லாமல் குடிக்கிறேன், ஆள்கள் கிண்டல் பண்ணினால் பண்ணட்டும் என்றார்.

இரண்டு வாரத்தில் நூற்று எழுபத்திரண்டு. டாக்டர் மாத்திரையையும் மாற்றியிருந்தார். முழுப் பெருமையும் எனக்கோ எட்டு நிமிடத்துக்கோ சேராது. எல்லோரிடமும் இது பலிக்கிறது என்றும் சொல்லமாட்டேன். வருடக்கணக்காக வந்து உட்கார்ந்து, நன்றாகப் பேசி, ஒன்றையும் மாற்றாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை இப்போது நான் திட்டுவதில்லை. எப்படி, எவ்வளவு, எந்தப் பாத்திரத்தில் என்று கேட்காமல் இதைச் சாப்பிடுங்கள் என்று எவரிடமும் சொல்வதில்லை. நான் கற்றது அதுதான்.

வலது கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று.

6. செஞ்சி வண்டி

ஒரு மாதம் கழித்துத் தனியாக வந்தார். கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு பை அவித்த மல்லாட்டை. எனக்கு மத்தியானம் திண்டிவனத்தில் மீட்டிங் இருந்ததால் சேர்ந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். வெயிலில் வண்டிகள் உறுமிக்கொண்டு நின்றன. அஞ்சாவது வரை படித்தவர் அவர். ஒவ்வொரு போர்டாக எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்துக்கொண்டே நடந்தார். நான் காட்டவேண்டியிருக்கவில்லை. அதோ எங்க ஊர் வழியா போற செஞ்சி வண்டி என்று அவரே நின்றார்.

நின்றவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நிதானமாக, கேப்பையில் கல் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"கொரல வச்சி சின்னப் பொண்ணுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். கண்ணு ரெண்டும் குழி வுழுந்து கெடக்குது. மத்தியானம் சாப்ட்டியா?"

இனிமேல்தான் என்றேன். மீட்டிங்கைச் சொன்னேன், டோக்கனைச் சொன்னேன், இரண்டு ஊருக்கும் அலைவதைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சும்மா நின்றார். திட்டவில்லை. மல்லாட்டைப் பையை என் கையில் திணித்தார். கண்டக்டர் விசில் அடித்தார்.

"நாளையிலேருந்து நேரத்துக்குத் துன்னுவேன்னு நம்பிக்க எவ்ளோ இருக்குது? ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள சொல்லு."

"நாலு" என்றேன்.

படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"ஏன் ரெண்டுன்னு சொல்லல? யோசிச்சி வையி. அமாவாச கழிச்சி வந்து கேக்குறேன்."