புகை படாத காய்ச்சல்

என் கணவர் டேவிட்டுக்கு அந்தத் திங்கட்கிழமை மாலை குளிர் எடுத்தபோது நான் பதறவில்லை. பாலைக் காய்ச்சிக் கொடுத்தேன். என்னைப் போல நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் யாராவது இதைப் படித்தால், அந்தப் பாலைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அவர் வெல்டர். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் பத்துப் பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறை. ஜி.ஐ. பைப்பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) பற்றவைக்கும்போது வெள்ளையாக ஒரு புகை வரும். அதைச் சுவாசித்தால் மாலையில் குளிரும் காய்ச்சலும் தூக்கிப் போடும். மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் போய்விடும். வெல்டர்கள் பாலும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஜி.ஐ. காய்ச்சல் என்றே பெயர் வைத்திருந்தோம்.

இது பன்றிக் காய்ச்சல் வந்திருக்கும் வருடம். வெளிநாட்டு ஆர்டர்கள் நின்றுபோய், கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்த பட்டறைகள் வாரத்தில் மூன்று நாள் ஓடினாலே பெரிய விஷயமாக இருந்தது. டேவிட்டின் முதலாளி கேட், வேலி என்று கிடைத்த ஜி.ஐ. வேலையை எல்லாம் எடுத்துக்கொண்டார். வேலை இடைவெளி விட்டு விட்டு வந்ததால் உடம்பு புகைக்குப் பழகவில்லை. காய்ச்சல் அடிக்கடி வந்தது.

நான் பீர்க்கன்கரணையில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பரவுகிறது என்று பள்ளியை ஒரு வாரம் மூடியிருந்தார்கள். தொலைக்காட்சியில் முகமூடி போட்ட மனிதர்களைப் பார்த்து நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் வந்த காய்ச்சலை மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன்.

“இன்னிக்கு ஜி.ஐ. வேலையா?” என்று கேட்டேன். தலையை ஆட்டினார்.

செவ்வாய்க்கிழமை காலையிலும் காய்ச்சல் இறங்கவில்லை. “நேத்து கொஞ்சம் ஓவரா வெல்டிங் அடிச்சிட்டேன், அதான். நீ இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிகினு கீற?” என்றார். மறுபடியும் பால் கொடுத்தேன். புதன் மதியம் “தண்ணி” என்றார். நின்று மூச்சு வாங்கினார். பிறகுதான் “குடு” என்றார். இரண்டு சொல்லுக்கு நடுவில் அவருக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது. ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்கு ஓடினேன்.

இளவயது மருத்துவர். அவர் டேவிட்டைக் கேட்ட கேள்விக்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். வகுப்பெடுத்தே பழகிய வாய். “வெல்டிங் புகை டாக்டர், அடிக்கடி வரும்” என்றேன். அவர் என்னைக் கையமர்த்திவிட்டு டேவிட் பக்கம் திரும்பினார்.

“கடைசியா எப்ப வெல்டிங் பண்ணீங்க?”

டேவிட் என்னைப் பார்க்கவில்லை. “பன்னெண்டு நாளாச்சு... மேடம்.”

பட்டறையைப் பூட்டிவிட்டிருக்கிறார்கள். அவர் என்னிடம் சொல்லவில்லை. தினமும் நான் கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸோடு கிளம்பி, தாம்பரத்தில் தினக்கூலிக்கு ஆள் எடுக்கும் இடத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருக்கிறார். யாரும் கூப்பிடாத நாட்களில் ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வழக்கமான நேரத்துக்கு வீடு வந்திருக்கிறார். பன்னிரண்டு நாட்களாக அவர் சட்டையில் தீப்பொறி பட்ட புதுப் பொத்தல் ஒன்றுகூட இல்லை. துவைத்தவள் நான்தான்.

“அப்ப இது புகைக் காய்ச்சல் இல்லம்மா. முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கணும்” என்றார் மருத்துவர். அதட்டாமல்தான் சொன்னார். தொண்டையில் சளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை காத்திராமல் மாத்திரையைத் தொடங்கினார்கள். இரண்டு பக்கமும் நியூமோனியா (நுரையீரலின் காற்றறைகளில் சளியும் நீரும் கோத்துக்கொள்வது). இன்னும் இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்கள்.

தனி வார்டுக்குள் என்னை விடவில்லை. வெளியே நீண்ட வராந்தாவில் நின்றுகொண்டு, உள்ளே சாகக் கிடக்கும் மனிதனோடு மனதுக்குள் சண்டை போட்டேன். என்னிடம் சொன்னால் என்ன, நான் விரட்டியா விட்டிருப்பேன்? பிறகு சண்டையை நிறுத்திவிட்டு, எனக்கு அவர் வேண்டும் என்று மட்டும் ஜெபித்தேன்.

ஆக்சிஜன் முகமூடியோடு அவரால் பேச முடியாது. அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அவர் உள்ளேயிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் நன்றாக இருக்கிறார் என்று பொருள். முதல் நாள் நான்கு முறை போன் அடித்து நின்றது. இரண்டாம் நாள் மாலைவரை அடிக்கவே இல்லை. கையில் போனை வைத்துக்கொண்டு வராந்தாவை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் அளந்தேன். விளக்குப் போட்ட பிறகு ஒருமுறை அடித்து நின்றது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

பரிசோதனை முடிவு வந்தது. பன்றிக் காய்ச்சல்தான். அதற்குள் அவர் தேறத் தொடங்கியிருந்தார். ஒன்பதாம் நாள் வெளியே விட்டார்கள். ஆட்டோவில் கேட்டேன்: “அந்தப் பாலை எப்படிங்க குடிச்சீங்க?”

அவர் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: “வேலைக்குப் போய்ட்டு வந்தவனப் பாக்குற மாதிரி பாத்துகினே குடுத்த, டீச்சர். எனக்கு அது வேண்டி இருந்துச்சு.”

நான் கோபப்படத் தயாராக வந்திருந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு காய்ச்சலுக்கு நீங்களாகப் பெயர் வைத்துவிடாதீர்கள். வீட்டு மனிதரிடம் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலை நீங்களே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்.

தனியாளாக சிலிண்டரைத் தூக்கித் தோளில் வைத்தவர் இப்போது தெருமுனைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறார். மூன்று மாதம் புகைப் பக்கம் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். படுத்திருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிப் பார்க்கவும், அதிகமானால் உடனே கூட்டிவரவும் சொல்லி அனுப்பினார் மருத்துவர். நாற்பது நிமிட வகுப்பையே பேசிக் கடத்திவிடுகிறவள் நான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவர் மார்பின்மேல் கண் வைத்திருக்கும் அந்த ஒரு நிமிடம் நகரவே நகராது.

நேற்று மதியமும் எண்ணினேன். அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார், தூங்குகிறார் என்று நினைத்தேன்.

“எத்தினி?” என்றார்.

“பதினெட்டு. நல்லா இருக்கு.”

கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி என் முதுகில் வைத்தார். “உன்னுதயும்தான் நான் கேட்டுகினு இருந்தேன். ஒண்ணுகூட வரல. மூச்ச வுடு டீச்சர்.”

விட்டேன்.