வலது முட்டியும் ரத வீதியும்

போன மாதம் ஒரு விடியற்காலை. வடக்கு ரத வீதி முக்கில் தண்ணீர் பாட்டிலோடு நிற்கிறேன். என் மனைவியின் தங்கை கோமதி ஓடி வருகிறாள். வழக்கமாக என்னைத் தாண்டும்போது பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போவாள். அன்றைக்குப் பிடுங்கவில்லை. வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு, பூட்டிய கடை ஒன்றின் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சும்மா பிடிப்புதான் அத்தான். அக்காட்ட சொல்லிராதீய" என்றாள். முகம் வெளுத்திருந்தது.

சும்மா பிடிப்பு என்று எப்படி விடுவது? ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்று சேலை விரித்துக் காட்டுகிறவள், வனக்காவலர் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். மிச்சம் நெடுந்தூரத் தேர்வு. நடக்கலாம், ஓடலாம்... குறித்த நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். அதற்கு இரண்டே வாரம் இருந்தது. இதை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். மறுபடி சேலைதான்.

ராஜபாளையத்தில் ஒரு பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். முட்டியை அமுக்கிப் பார்த்தார். பிறகு கேள்விகள் — போலீஸ் விசாரணை தோற்றது.

இதே முட்டியில் முன்பு அடிபட்டிருக்கிறதா? கரிவலம்வந்தநல்லூர் போகிற வழியில் ஸ்கூட்டியோடு விழுந்திருக்கிறாள். ரிசல்ட் வந்த பிறகு தூரத்தைக் கூட்டினீர்களா? ஒரேயடியாக இரண்டு மடங்கு. ஷூ? அடி தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. தொடைக்கு எக்சர்சைஸ்? ஓடுவதே எக்சர்சைஸ்தானே என்று இவள் எதிர்க்கேள்வி கேட்டாள். டாக்டரம்மா தலையாட்ட ஆட்ட எனக்கு வியர்த்தது. முட்டிவலி தானாக வந்தது என்றல்லவா நினைத்திருந்தோம்? நாமேதான் பத்திரிகை வைத்துக் கூப்பிட்டிருக்கிறோம்!

"எங்க ஓடுதீங்க?" என்று கடைசியாகக் கேட்டார்.

"கோயிலச் சுத்தி. ரத வீதியில."

"எந்தப் பக்கமா?"

கோமதி திருதிருவென்று விழித்தாள். "வலமாத்தான். கோயில யாராவது இடமாச் சுத்துவாவளா?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆடித்தபசுத் திருவிழா வந்தால், நூற்றெட்டுச் சுற்று என்று நேர்ந்துகொண்டு கோயிலை வலம் வருகிற ஊர் எங்களுடையது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். கோயில் பக்கத்து ஓரமாகவே ஓடுகிறாள். சாலையின் அந்த ஓரம் சரிவு. வலது கால் எப்போதும் பள்ளத்தில். ஒவ்வொரு முக்கிலும் வலப்பக்கமே திருப்பம். இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஏற்கெனவே அடிபட்ட முட்டிக்கு இதுவும் சுமைதான் என்றார். சில நாள் ஓய்வு, தொடைக்குப் பயிற்சி, அப்புறம் வலிக்காத அளவுக்கு ஓட்டம். ரத வீதிதான் வேண்டும் என்றால் ஒரு நாள் வலம், ஒரு நாள் இடம்.

பஸ்ஸில் ஏறியதும் கோமதி சொல்லிவிட்டாள். "வேல போனாலும் போகட்டும். இடமா மட்டும் சுத்த மாட்டேன்."

ஓய்வு என்பது இவ்வளவு கொடுமையா? வீதியில் மற்றவர்கள் ஓடுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்து நிற்பாள். அவள் கண் காலண்டரில். என் கண் அவள் முட்டியில். பிறகு புது ஷூவோடு ஒரு பள்ளி மைதானத்தில் மெதுவாக ஆரம்பித்தாள். வலி போயிற்றா என்று கேட்கவே பயமாக இருந்தது.

தேர்வு நாள். விசில் அடித்தார்கள். அத்தனை பேரும் மைதானத்தை இடமாகச் சுற்றி ஓடினார்கள்! ஓட்டப்பந்தயம் என்றாலே உலகம் முழுக்க அப்படித்தானாம். கோமதி ஒரு நொடி தயங்கினாள்... ஓடிவிட்டாள்.

பாதிக்கு மேல் நடை. வலது கால் இழுப்பதுபோல் இருந்தது. இழுக்கிறதா, எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா? வாட்சைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கோட்டைத் தாண்டிக் குனிந்து நின்றாள். தேறியவர்கள் பெயரை வாசித்தார்கள். அவள் பெயர் வந்தபோது நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லை.

"இடமாச் சுத்த மாட்டேன்னியே?" என்று கேட்டேன்.

"உள்ள சாமி இல்லயே அத்தான்."

பஸ்ஸில் முட்டியைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "இந்த முட்டி தாங்கிட்டுன்னா ஆடித்தபசுக்கு நூத்தெட்டுச் சுத்து வாரேன்னு அம்மன்ட்ட நேந்திருக்கேன்."

நூற்றெட்டும் வலமாகத்தான். டாக்டரம்மாவிடம் யார் சொல்வது?